ரவுண்டுக்கு வராதவர்கள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு குப்பைத் தொட்டியிலிருந்து கிடைத்தது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. நிஜமான தொட்டி, கறுப்புப் பை போட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவில் இரும்புத்தாது வெட்டும் ஒரு சுரங்கத்தின் முகாமில் நான் அறை துப்புரவு செய்கிறவள். ஜி வரிசை என்னுடையது. நீளமாகத் தகர அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டில், ஒரு டி.வி., ஒரு ஏ.சி., ஒரு ஆள். பிளேனில் வந்து இறங்கி, சில வாரம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குப் பறந்துவிடுவார்கள், பிறகு திரும்புவார்கள்; அதற்குச் சுற்று என்று பெயர். ஆள் வேலைக்குப் போனதும் நான் உள்ளே போவேன். விரிப்பை மாற்றி, கழிவறையைக் கழுவி, தொட்டியைக் கொட்டுவேன். கொட்டும்போது கண்ணை மூடிக்கொள்ள முடியாதல்லவா.

கதை எழுதுவதாக உத்தேசமே இல்லை. ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். "ஆஸ்திரேலியர்கள் ஒன்றாக உட்காருவதை மறந்துவிட்டார்கள்" என்று முதல் வரி. கைப்பேசியைத் திட்டினேன், காதில் மாட்டுகிற ஹெட்போனைத் திட்டினேன், விடிந்ததும் எழுந்து ஓடுகிற பிள்ளைகளைக்கூடத் திட்டினேன். என் அம்மா ஜல்லி உடைத்து என்னை வளர்த்தவள். திட்டுவது எங்களுக்குச் சுலபமாக வரும். பாதியில் லைல் என்பவனின் தொட்டி ஞாபகம் வந்தது. கட்டுரை அதோடு படுத்துவிட்டது.

2

முதல் தொடக்கம்:

சுரங்கத்திலிருந்து சாயங்கால பஸ் வந்து நின்றதும் பாரில் எழுந்த கூச்சலில் கூரைத் தகரமே—

நிறுத்தினேன். அது பழைய கதை. அந்தக் கூச்சலை நான் கேட்டிருக்கிறேன். மறுநாள் காலையில் அதன் வாந்தியைத் துடைத்ததும் நான்தான். [வாசகர் ஏங்க ஆரம்பிக்குமுன் இதைச் சொல்லிவிடுவது நல்லது.]

இரண்டாம் தொடக்கம்:

பார் காலியாக இருந்தது. தெயூலா துடைத்த மேசையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

இதில் பொய் இல்லை. தெயூலா சமோவாத் தீவுக்காரி, முகாமின் பாரைப் பார்த்துக்கொள்கிறவள். வேலை முடிந்து நான் காப்பிக்குப் போனால் அவளுக்குப் பேச ஆள் கிடைக்கும்.

"வாக்கா. கூட்டத்துல உனக்கு எடம் இருக்கான்னு பாக்கறேன்" என்றாள். உள்ளே நாற்காலிகள் மட்டும் இருந்தன.

"இங்க உக்காந்திருந்த ஆளுங்கெல்லாம் எங்கடி?"

"ரூம்ல. போனைக் கட்டிப் புடிச்சுகிட்டு."

"எல்லாருமா?"

"பிரியோனி மாதிரி சின்னதுங்க ஜிம்முக்குப் போகுது. ஒரு வாரம் நான் ஊத்தற பீரைவிட அதுங்க ஒரு நாள்ல குடிக்கற தண்ணி ஜாஸ்தி. இந்த பாரை பாதியா வெட்டி சைக்கிள் மெஷின் வைக்கப் போறாங்களாம். உக்காந்த எடத்துலயே மிதிச்சு எங்க போகப்போறாங்களோ, கடவுளுக்கே வெளிச்சம்."

"பழைய ஆளுங்க? லைல்? நெவ்?"

அவள் துணியைப் பிழிந்தாள். "அதான் எனக்கும் புரியல. அவங்களுமா ஜிம்முக்குப் போறாங்க?"

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பாரில் யாரும் தனக்கு மட்டும் வாங்குவதில்லை. ஒருவன் எழுந்தால் மேசைக்கே வாங்கி வருவான். அடுத்தது பக்கத்தில் இருக்கிறவன். அதுதான் ரவுண்டு. திருடனைக்கூட மன்னிப்பார்கள், தன் முறை வருமுன் எழுந்து போனவனை மன்னிக்கமாட்டார்கள். நீட்டிய டம்ளரை ஒருவன் கையால் மறித்து "எனக்கு வேண்டாம்" என்றால், அவன் வேண்டாம் என்றது பீரை மட்டும்தான் என்று எவனும் நினைப்பதில்லை.

3

லைலை எழுதுவதுதான் சிக்கல்.

முதல் படியில் அவனுக்குச் செத்துப்போன மனைவி ஒருத்தியைக் கொடுத்தேன். (அடித்துவிட்டேன்.) அவன் மனைவி பன்பரி என்ற ஊரில் சௌக்கியமாக இருக்கிறாள், வேறொருவனோடும் அவனுடைய படகோடும். பிறகு அவனுக்கு ஓர் அடிக்கிற அப்பாவைக் கொடுத்தேன். (அதையும் அடித்துவிட்டேன்.) ஒரு மனிதன் தனியாகிப்போக யாரும் சாகவும் வேண்டியதில்லை, யாரும் அடிக்கவும் வேண்டியதில்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்குக் காகிதம் நிறையச் செலவாயிற்று.

மிஞ்சியவன் இவ்வளவுதான்: ஐம்பதைத் தாண்டியவன், வீடு உயரத்துக்கு இருக்கும் தாது லாரியை ஓட்டுகிறவன், பலகையில் குட்டி அம்பு எறிகிற டார்ட்ஸ் ஆட்டத்தில் முகாம் அணிக்குப் பல வருஷம் தலைவன். துணி துவைக்கும் லாண்டரியை ஒட்டிய முதல் அறை அவனுடையது.

ஒரு நாள் அவன் காலை பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரம், நான் விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

"மாரா, அடுத்த சுற்றுலேர்ந்து உனக்கு ஒரு ரூம் மிச்சம்."

"ஏன், ரூமைத் தலையில தூக்கிட்டுப் போறியா?"

"வேலையை விடறேன்மா. வர்ற வியாழக்கிழமை பிளேனோட சரி. ஆபீஸ்ல சொல்லிட்டேன்."

"லாரி ஓட்ட முடியலையா?"

"பன்னெண்டு மணி நேரம் லாரியை ஓட்ட முடியுது. எறங்கினதுக்கு அப்புறம் தூங்கற வரைக்கும் இருக்கு பாரு, அதைத்தான் ஓட்ட முடியல."

"வீட்டுக்குப் போனா அங்க யாரு இருக்கா?"

யோசித்தான். "புல்லு வெட்டற மெஷின் இருக்கு" என்றான். சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

4

அன்று அவன் தொட்டியைக் கொட்டினேன். பீர் டின் ஒன்றுகூட இல்லை. எல்லாம் இஞ்சி சோடா. கூடவே மாத்திரை அட்டை, ஈரல் பரிசோதனைக்குப் போன ஆஸ்பத்திரிச் சீட்டின் கிழிசல்.

அடுத்த அறைகளில் ஒன்று நெவ்வுடையது. பட்டறையில் வெல்டிங் செய்கிறவன், லைலின் டார்ட்ஸ் கூட்டாளி, முகாமிலேயே மோசமான வாய். அவன் தொட்டியில் ஒரு கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பா கனமாக இருந்தது. தூக்கினேன், அடி பிய்ந்து கொட்டியது. இஞ்சி சோடா டின்கள். நசுக்கி, டப்பாவுக்குள் திணித்து, மேலே மூடியையும் மடித்து வைத்திருந்தான்.

[இத்தனை வருஷத்தில் விஸ்கி பாட்டிலை ஒளித்துவைத்த ஆண்களைப் பார்த்திருக்கிறேன். பெண் படத்தை ஒளித்தவர்கள் உண்டு. ஒருவன் பூனையையே ஒளித்திருந்தான். சோடாவை ஒளித்தவர்களை அப்போதுதான் பார்த்தேன்.]

பார் ஏன் காலி என்பது எனக்குப் புரிந்தது. கைப்பேசி ஒரு காரணம்தான். குடித்திருக்கவில்லை என்று காலையில் சுரங்க வாயிலில் மெஷினில் ஊதிக் காட்ட வேண்டியிருப்பதும் ஒரு காரணம். ஆனால் இவர்கள் ஒளிந்திருந்தது ரவுண்டுக்குப் பயந்து. நெவ் பாரில் இருப்பான் என்று நினைத்து லைல் அறையில் கிடந்தான். லைல் இருப்பான் என்று நினைத்து நெவ். நடுவில் தெயூலா காலி மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கதவுகளுக்கு உள்ளே இருப்பது எல்லாம் தெரிந்தவள் அந்த வரிசையில் நான் ஒருத்திதான். கதை எழுதுகிறவளுக்கு இது வசதி. துப்புரவு செய்கிறவளுக்கு இல்லை. தொட்டியில் பார்த்ததை வெளியே பேசக்கூடாது. எழுதி வைத்த சட்டம் ஒன்றும் கிடையாது, இருந்தாலும் அதுதான் சட்டம்.

5

லைலின் கதவில் பலகை தொங்க ஆரம்பித்தது. சிவப்பு எழுத்தில் "இரவு வேலை. தூங்குகிறேன்." இராத்திரி வேலை பார்க்கிறவர்கள் பகலில் மாட்டிக்கொள்கிற பலகை அது. அந்தப் பலகை தொங்கினால் யாரும் தட்டமாட்டார்கள். நானும் உள்ளே போகக்கூடாது. இன்னொருவனின் தூக்கத்தைக் கெடுப்பவனுக்கு முகாமில் மரியாதை கிடையாது.

லைலுக்கு அந்தச் சுற்று முழுக்கப் பகல் வேலை. பஸ் ஏறுவதை என் கண்ணால் பார்க்கிறேன். ஆளுக்கு ஒரு நேரம், ஆளுக்கு ஒரு குழு. யார் எப்போது வேலை பார்க்கிறான் என்று பக்கத்து அறைக்காரனுக்குத் தெரியாது. அதனால் பலகையை எல்லோரும் நம்பினார்கள். பகலில், ஆளே இல்லாத அறைக்கு முன்னால் பெரிய பெரிய ஆண்கள் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, காலுறையோடு நுனிக்காலில் நடந்தார்கள். சாயங்காலம் அவன் உள்ளே விழித்துக்கொண்டு கிடக்கும்போதும் அதே நடை. நெவ்வும் அப்படித்தான் போனான். ஒருநாள் இருமல் வந்து, வாயைப் பொத்திக்கொண்டு ஓடினான்.

இவ்வளவு நல்லவர்கள். அந்த நல்ல குணமே ஒரு மனிதனை அறைக்குள் வைத்துப் பூட்டிவிடும் போலிருந்தது.

எல்லா முகாமிலும் திறக்காத கதவைப் பற்றி ஒரு கதை உண்டு. அது எப்படி முடியும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அதை எழுதுவது சுலபம். படிக்கிறவரும் உச்சுக் கொட்டுவார். நான் எழுதப்போவதில்லை. ஆனால் அந்த நாட்களில் காலையில் லைல் பஸ் ஏறும்வரை என் வண்டி நகரவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

6

ஆக, வியாழக்கிழமைக்குள் ஒருவன் வெளியே வர வேண்டும். எழுதிப் பார்த்தேன்.

அ. முகாமில் இண்டர்நெட் நின்றுபோகிறது. எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறக்கிறது. எல்லோரும் கைப்பேசியை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள், ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள், பேசி—

வேண்டாம். கைப்பேசிக் கோபுரத்தைச் சரி செய்ததும் திரும்ப உள்ளே போய்விடுவார்கள். நாலு பேரைச் சேர்க்க ஒரு பொருளை உடைக்க வேண்டும் என்றால் அந்தச் சேர்க்கை எதற்கு.

ஆ. தெயூலா போய்க் கதவைத் தட்டுகிறாள்.

அவளிடமே கேட்டேன். லைல் வேலையை விடுகிறான் என்பதை மட்டும் சொன்னேன், தொட்டியைப் பற்றிச் சொல்லவில்லை.

"பலகை தொங்குதேக்கா" என்றாள்.

"தொங்கினா என்னடி?"

"நீ தட்டேன்."

நானும் தட்டவில்லை. பாத்திரமும் மறுத்துவிட்டது, எழுதுகிறவளும் மறுத்துவிட்டாள்.

இ. நான் நெவ்விடம் போய், "நீ குடிக்கறதைத்தான் அவனும் குடிக்கறான்" என்கிறேன்.

இதை முழுப் பக்கம் எழுதினேன். நெவ் என் காகிதத்திலேயே மறுத்துவிட்டான். "யாரு சோடா குடிக்கறா?" என்று கேட்டான். கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பா வரைக்கும் போனவன் வேறென்ன சொல்வான்?

7

அந்த வாரமே பாரை வெட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். சுவரிலிருந்ததையெல்லாம் கழற்றி வெளியே போட்டார்கள். டார்ட்ஸ் பலகை குப்பை லாரிக்குப் போகிற குவியலில் கிடந்தது. தெயூலாவுக்கு மனசு வரவில்லை. சட்டைக்குள் மறைக்கிற அளவு இல்லாததால் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். எதிரே பிரியோனி வந்தாள். மண் வாரும் எக்ஸ்கவேட்டர் ஓட்டுகிற பெண். அழுக்குத் துணி மூட்டையோடு லாண்டரிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"அதை எங்க கொண்டு போறே?"

"எங்க மாட்டறதுன்னு தெரியல. பார்தான் போச்சே."

"டார்ட்ஸ் ஆட பார் எதுக்கு?"

தெயூலா பலகையைத் தலையிலிருந்து இறக்கினாள். முகாமில் இத்தனை வருஷமாக ஒருவருக்கும் தோன்றாத கேள்வி அது.

[இந்தப் பெண்ணையும் சேர்த்துத்தான் என் கட்டுரையில் திட்டியிருந்தேன். அந்தப் பத்தி இப்போது இல்லை.]

லாண்டரிக்கு எல்லோரும் வந்துதான் ஆக வேண்டும். செம்புழுதியோடு எவனும் மறுநாள் பஸ் ஏற முடியாது. மெஷின் சுற்றி முடிக்கும்வரை ஆளுக்கொரு மூலையில் நின்று கைப்பேசியைப் பார்ப்பார்கள். அங்கே யாரும் யாருக்கும் எதுவும் வாங்கித் தருவதில்லை. பிரியோனி டார்ட்ஸ் பலகையை அங்கே மாட்டுவதற்கு ஆணி தேடினாள். ஒரு சுவரில்தான் ஆணி இருந்தது. லைலின் அறைச் சுவர் அது.

8

சாயங்காலம். நான் தலையணை உறைகளை டிரையரில் போட்டுக்கொண்டிருந்தேன். பாரில் வேலை நடப்பதால் தெயூலாவுக்கு லீவு. மெஷின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். பிரியோனி டார்ட்ஸ் எறிந்துகொண்டிருந்தாள். நெவ் ஈரத்துணியோடு நின்று பார்த்தான், தாங்க முடியவில்லை.

"ஈட்டியா எறியறே? குடு இங்க. மணிக்கட்டை இப்படி வெச்சுக்கணும்."

எறிந்தான். அம்பு பலகையை விட்டு ஒரு முழம் தள்ளிச் சுவரில் குத்தியதில் மொத்தத் தகரமும் அதிர்ந்தது.

"ஓ, அப்படி வெச்சுக்கணுமா" என்றாள் பிரியோனி.

"காத்து."

"உள்ள என்ன காத்து?"

மறுபடி எறிந்தான். மறுபடி சுவர். பக்கத்து அறைக்கதவு படாரென்று திறந்தது.

"எவன்டா அது? கதவுல பலகை தொங்கறது கண்ணு தெரியலையா? மனுஷன் தூங்க வேணாமா?"

லைல் லாண்டரி வாசலில் நின்றான். நெவ் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். புழுதி படிந்த ஆரஞ்சுச் சட்டை. காலில் பூட்ஸ், கயிறுகூட அவிழ்க்கவில்லை.

"பூட்ஸைப் போட்டுகிட்டுத்தான் தூங்குவியா மாப்ளே?"

தெயூலா சிரித்தாள். லைல் சிரிக்கவில்லை. கோபத்தில் ஓடி வந்தவன், கையில் இருந்த டின்னை வைத்துவிட்டு வரவில்லை. அது இப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. மெல்லத் தொடைக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"கையில என்ன?"

"ஒண்ணுமில்ல."

"காட்டு."

(இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு வெளியே போய்ச் சிறிது நேரம் நின்றேன். நெவ் அடுத்து என்ன சொல்கிறானோ, அதில்தான் எல்லாம் இருக்கிறது. கேலி செய்தால் லைல் கதவைச் சாத்திக்கொள்வான்; வியாழன் பிளேன்; புல்வெட்டும் மெஷின். ஆறுதலாக ஏதாவது சொன்னால் அதைவிட மோசம். ஆறுதலை அந்த ஆள் செத்தாலும் தாங்கமாட்டான். நல்ல வசனம் ஒன்று எழுதித் தரலாமா என்று பார்த்தேன். எனக்கு வரவில்லை.)

லைல் டின்னைக் காட்டினான். "டாக்டரு நிறுத்தச் சொல்லிட்டான். ஈரல்" என்றான். சுவரைப் பார்த்துச் சொன்னான்.

நெவ் டின்னைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான். மூஞ்சி சுளித்தது.

"இந்தப் பச்சை டின்னா? இது வெறும் சக்கரைத் தண்ணிடா. இதைப் போய் எவனாவது குடிப்பானா? மஞ்சள் டின்னு ஒண்ணு இருக்கு, சக்கரை கம்மி, இஞ்சி நல்லாத் தொண்டையில புடிக்கும். என் ரூம்ல ஒரு பெட்டி..."

நிறுத்திக்கொண்டான். தாமதமாகிவிட்டது.

"உன் ரூம்லயா?" என்றான் லைல்.

"ம்."

"எப்பலேர்ந்து?"

"ஈஸ்டர்லேர்ந்து. சுகர். காலு மரத்துப்போச்சு."

"நீ பார்ல உக்காந்திருப்பேன்னுதான் நான் அந்தப் பக்கமே வரல."

"நான் நீ இருப்பேன்னு நெனச்சேன்!"

"அடப் பாவிங்களா!" தெயூலா மெஷினிலிருந்து குதித்தாள். "ஒங்க ரெண்டு பேரையும் தேடி நான் அங்க ஈ ஓட்டிகிட்டு இருந்தேன். சோடா வேணும்னா சோடா ஊத்தியிருக்க மாட்டேனா? ஃப்ரிட்ஜு முழுக்க இருக்குடா!"

"பார்ல போய் சோடா கேக்கறதா?" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

பிரியோனிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. "எத்தனை வயசு உங்களுக்கெல்லாம்?" என்று கேட்டாள்.

நெவ் தன் அறைக்குப் போனான். திரும்பி வரும்போது மஞ்சள் டின்கள் கொண்டுவந்தான். தனக்கு, லைலுக்கு, பிரியோனிக்கு, தெயூலாவுக்கு, எனக்கும் ஒன்று. ஒவ்வொருவர் கையிலாகக் கொடுத்துக்கொண்டு வந்தான். லைல் ஒரு மடக்கு குடித்துப் பார்த்தான்.

"இது நல்லாதான் இருக்கு. நாளைக்கு நான்" என்றான்.

அந்த ஆட்டத்தில் பிரியோனி ஜெயித்தாள். காற்று இருந்ததாக நெவ் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

9

மறுநாள் பிரியோனி கைப்பேசியில் ஒரு குழு தொடங்கினாள்: "ஜி லாண்டரி." எந்த மெஷின் காலி, யார் எத்தனைக்கு வருகிறார்கள் என்று அதில் எழுதுவார்கள். எழுதிவிட்டு வந்து சேர்ந்தார்கள். இராத்திரி வேலைக்காரர்கள் விடிந்தபின் ஆடினார்கள். பழைய நாளில் அந்த நேரத்துக்கு அவர்கள் பீர் குடிப்பார்கள். அறையை விட்டே வராத ஒரு சமையற்காரப் பையன் துவைக்கத் துணியே இல்லாமல் வந்து நின்றான். என் கட்டுரையின் முதல் எதிரியான அந்தக் கைப்பேசிதான் ஆட்களைக் கூட்டி வந்தது. கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

லைல் வியாழன்வரை தினமும் வந்தான். வியாழன் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

"வருவியா?" என்று கேட்டேன்.

"பெரிய ஆபீஸ்ல எழுதிக் குடுத்தாச்சே, மாரா."

"எழுதினதை அடிக்க முடியாதா? நான் தினம் அடிக்கறேன்."

என்னைப் பார்த்தான். பஸ் கதவு மூடிவிட்டது.

10

நீங்கள் முடிவுக்காகக் காத்திருக்கிறீர்கள். என்னிடம் இருப்பதைச் சொல்கிறேன்.

நேற்று கைப்பேசிக் குழுவில் லைலிடமிருந்து ஒரு படம் வந்தது. ஏதோ கடையில் ஒரு நீளமான விளக்கைக் கையில் பிடித்திருக்கிறான். கீழே, "லாண்டரி வெளிச்சம் பத்தல. இது போதுமா?" பிரியோனி, "ரெண்டு வாங்கு" என்று எழுதினாள். நெவ், "வெளிச்சம் வந்தா நீ ஆடற லட்சணம் எல்லாருக்கும் தெரியும்" என்று எழுதினான். தானே கொண்டுவருவதாக லைல் எழுதவில்லை. பார்சலில் அனுப்புவதாகவும் எழுதவில்லை. விடைபெற்றுப் போகிறவனும் விளக்கு வாங்கித் தருவான். நான் கல் உடைத்தவளின் மகள். கண்ணால் பார்க்காததை நம்பமாட்டேன்.

லைலோடு வேலை பார்த்தவர்கள் லீவு முடிந்து திரும்புகிற பிளேன் இறங்கும் சத்தம் இப்போது கேட்டது. முகாமுக்கு பஸ் வர அரைமணி ஆகும். லாண்டரி பக்கத்து அறையை வேறு ஆளுக்குக் காலி செய்ய வேண்டுமா, அப்படியே வைக்க வேண்டுமா என்று ஆபீஸில் கேட்டேன். "தெரியல, பட்டியல் இன்னும் வரல" என்றார்கள்.

காலி செய்வதென்றால் மெத்தையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைக்க வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை அது. மெத்தையில் கையை வைத்தேன். தூக்கவில்லை. வெயிலில் காய்ந்த விரிப்பை எடுத்து உதறி, நாலு மூலையும் இழுத்துச் செருகினேன். தலையணையைத் தட்டி வைத்தேன். ஏ.சி.யைப் போட்டேன், வருகிறவன் எவனானாலும் புழுக்கத்தில் வருவான்.

வெளியே பஸ் திரும்புகிறது. என் வேலை முடிந்தது, அடுத்த அறைக்குப் போக வேண்டும். யார் இறங்குகிறார்கள் என்று நீங்கள் நின்று பாருங்கள்.